பெரிய மோட்டார், ஜெனரேட்டர்களின் இன்சுலேஷன் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3.3, 6.6, 11 கிலோவோல்ட் மோட்டார்களையும் மின்நிலைய ஜெனரேட்டர்களையும் டெஸ்ட் செய்வதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. ஷட்டவுன் நேரத்தில் மெயின்டனன்ஸ் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டுப் பம்புசெட், சின்ன 415 வோல்ட் மோட்டார்களுக்கு இதில் பெரும்பாலானவை பொருந்தாது. அவற்றின் வைண்டிங் அமைப்பே வேறு.

மெக்கரில் 2000 மெகாஓம் காட்டிய மோட்டார் அடுத்த வாரமே எரிந்துபோனது. மெக்கர் தப்பாகக் காட்டியதா?

மெக்கர் சரியாகத்தான் காட்டியிருக்கும். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

மெக்கர் செம்புக்கும் இரும்புக் கோருக்கும் நடுவே டி.சி. வோல்டேஜ் கொடுத்து, எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பார்க்கிறது. வைண்டிங்கில் ஈரம் இருந்தால் கசிவு கூடும். எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்து படிந்திருந்தாலும் கூடும். இன்சுலேஷன் குறுக்கே முழுசாக விரிசல் விட்டிருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் காயில் இன்சுலேஷனின் நடுவே ஒரு காற்றுப்பொத்தல் இருக்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் நல்ல மைக்கா (அபிரக இன்சுலேஷன்) இருக்கிறது என்று வையுங்கள். அந்த நல்ல மைக்காவே டி.சி. கரண்ட்டைத் தடுத்துவிடும். முள் உச்சிக்குப் போய் நிற்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஒரு காயிலுக்குள் சுற்றுக்குச் சுற்று இருக்கும் இன்சுலேஷனை மெக்கர் தொடுவதே இல்லை. மெக்கர் போடும்போது எல்லாச் சுற்றும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. இரண்டு சுற்று ஒட்டிப்போயிருந்தாலும் அதற்குத் தெரிய வழியில்லை.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மின்நிலையத்தில் 6.6 கிலோவோல்ட் ஃபேன் மோட்டார். காலையில் மெக்கர் போட்டுக் கையெழுத்து வாங்கியாயிற்று, ரீடிங் அருமையாக இருந்தது. மாலையில் ஸ்டார்ட் கொடுத்ததும் ரிலே தட்டியது. பிரித்துப் பார்த்தபோது லைன் பக்கத்து முதல் காயிலில் சுற்றுகள் உருகி, அந்தச் சூட்டில் வெளி இன்சுலேஷனும் வெந்து, கோர் வரைக்கும் துளை போயிருந்தது. காலையில் போட்ட கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து மெக்கர் ரீடிங்கை மட்டும் வைத்து ‘மோட்டார் நன்றாக இருக்கிறது’ என்று நான் எழுதுவதில்லை. ‘வைண்டிங் காய்ந்து, சுத்தமாக இருக்கிறது’ என்று எழுதுகிறேன்.

பெரிய மெஷின் காயிலில் இன்சுலேஷன் எத்தனை அடுக்கு?

உள்ளேயிருந்து வெளியே வருவோம். ஒவ்வொரு செம்புப் பட்டைக்கும் மெல்லிய உறை. அப்புறம் சுற்றுக்குச் சுற்று இன்சுலேஷன். அதற்கு மேல் தடிமனான மைக்கா டேப், எபாக்சியில் ஊறி இறுகியது. கோரிலிருந்து செம்பைப் பிரிப்பது இந்தச் சுவர்தான். ஸ்லாட்டுக்குள், அதாவது கோரில் காயில் உட்காரும் பள்ளத்துக்குள், இருக்கும் பகுதியின் மேல் கரி கலந்த கறுப்புப் பூச்சு இருக்கும். காயில் மேற்பரப்பும் கோரும் ஒரே வோல்டேஜில் இருந்து, நடுவே காற்றில் பொறி பறக்காமல் இருக்கத்தான் அது. ஸ்லாட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் சிலிக்கான் கார்பைடு கலந்த சாம்பல் நிறப் பூச்சு, வோல்டேஜ் திடீரென விழாமல் படிப்படியாகக் குறைவதற்காக. இந்தப் பூச்சுகள் பொதுவாக 6 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள மெஷின்களில்தான் இருக்கும்.

ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு விதமாகக் கெடும். அதனால்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் ஒரே டெஸ்ட் கிடையாது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்சுலேஷன் ஏன் கெடுகிறது?

முதல் எதிரி சூடு. பத்து டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. 1930-இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எட்டு டிகிரி என்றே சொன்னார். தோராயமான விதிதான், ஆனால் இன்றும் உதவுகிறது. கிளாஸ் எஃப் இன்சுலேஷன் 155 டிகிரி தாங்கும் என்றாலும், கிளாஸ் பி அளவுக்குத்தான், அதாவது 130 டிகிரிக்குள்தான் சூடேற வேண்டும் என்று டெண்டரில் எழுதுவது இதனால்தான். அந்த 25 டிகிரி இடைவெளி வருடங்களாகத் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது, சூடாகி ஆறி மறுபடி சூடாவது. செம்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு நீளும். ஐந்து மீட்டர் நீளச் செம்புப் பட்டை 50 டிகிரி சூடேறினால் நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். சுற்றியிருக்கும் எபாக்சி மைக்கா அந்த அளவுக்கு நீளாது. இரண்டுக்கும் நடுவே இழுபறி நடந்து நடந்து, செம்பை விட்டு இன்சுலேஷன் பிரியத் தொடங்கும். கோவை மாவட்டத்துக் கடம்பாறை போன்ற நீரேற்று மின்நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 100 மெகாவாட் யூனிட்டுகள் நான்கு இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ஒரே மெஷின் ஒரு நேரம் டர்பைனோடும் ஒரு நேரம் பம்போடும் ஓடும். நின்று நின்று ஓடுவதே அதன் வேலை. வருடம் முழுக்க நிற்காமல் ஓடும் அனல்மின் ஜெனரேட்டரைவிட இந்த வகைத் தேய்மானம் அதற்கு அதிகம்.

மூன்றாவது அதிர்வு. ஸ்லாட்டில் இருக்கும் காயில்மேல் காந்த விசை வினாடிக்கு நூறு முறை வந்து போகும், அதுவும் கரண்ட்டின் இருமடிப்படி. ஸ்லாட்டில் காயிலை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு தளர்ந்திருந்தால் காயில் ஆடும், கறுப்புப் பூச்சு தேயும், பின் மைக்காவும் தேயும்.

ஈரம், உப்புக்காற்று, நிலக்கரித்தூள், பேரிங்கிலிருந்து கசியும் எண்ணெய் எல்லாம் இதற்கு மேல். எண்ணூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எத்தனை மெகாஓம் இருந்தால் மோட்டாரை ஓட்டலாம்?

ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் 43-ஆம் எண் தரநிலை சொல்வது இது. ஏறக்குறைய 1970-க்குப் பின் செய்த ஃபார்ம் காயில் (முன்பே வடிவம் கொடுத்துச் செய்த காயில்) மெஷின்களுக்குக் குறைந்தபட்சம் 100 மெகாஓம். அதற்கு முந்தைய பழைய மெஷின்களுக்கு, கிலோவோல்ட் எண்ணோடு ஒன்றைக் கூட்டிய அளவு மெகாஓம். 6.6 கிலோவோல்ட் என்றால் 7.6 மெகாஓம். பலர் இந்தப் பழைய சூத்திரத்தை இன்னும் புது எபாக்சி மோட்டார்களுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2010-இல் வாங்கிய மோட்டார் 10 மெகாஓம் காட்டினால் அது பாஸ் இல்லை, ஏதோ தப்பாக இருக்கிறது என்று பொருள்.

இந்த எண்கள் எல்லாம் 40 டிகிரிக்குக் கணக்கிட்டவை. பழைய கணக்குப்படி பத்து டிகிரி ஏறினால் மெகாஓம் பாதியாகும். 30 டிகிரியில் 200 காட்டினால், 40 டிகிரிக்கு அது 100. புது எபாக்சி மைக்காவில் இந்தச் சரிவு வேறு மாதிரி இருக்கும், அதனால் முடிந்தவரை ஏறக்குறைய ஒரே சூட்டில் டெஸ்ட் செய்து ஒப்பிடுவது நல்லது. ரீடிங் மட்டும் எழுதி வைண்டிங் சூட்டை எழுதாமல் விட்ட ரிஜிஸ்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வருட உழைப்பு, ஒப்பிட முடியாமல் வீணாகக் கிடக்கும். வருத்தமாக இருக்கும்.

டெஸ்ட் வோல்டேஜையும் பாருங்கள். 6.6, 11 கிலோவோல்ட் மெஷினுக்கு 2500-லிருந்து 5000 வோல்ட் வரை வேண்டும். 1000 வோல்ட் மெக்கரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். கேபிள், சர்ஜ் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூன்று ஃபேஸும் சேரும் ஸ்டார் முனையைப் பிரிக்க முடிந்தால் ஒவ்வொரு ஃபேஸாக, மற்ற இரண்டையும் எர்த் செய்துவிட்டுப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெஸ்ட் முடிந்ததும் வைண்டிங்கில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பத்து நிமிடம் ஏற்றினால் குறைந்தது நாற்பது நிமிடமாவது எர்த் செய்து வைக்க வேண்டும். ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்று உடனே முனையில் கை வைப்பவரைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

பி.ஐ. என்று ஒன்று எடுக்கிறார்களே, அது எதற்கு?

பத்தாவது நிமிட ரீடிங்கை முதல் நிமிட ரீடிங்கால் வகுத்தால் வருவது போலரைசேஷன் இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ. காய்ந்த, சுத்தமான இன்சுலேஷனில் நேரம் போகப் போகக் கரண்ட் குறைந்துகொண்டே வரும், மெகாஓம் ஏறும். ஈரமோ அழுக்கோ இருந்தால் கசிவுக் கரண்ட் குறையாமல் நிற்கும், மெகாஓம் ஏறாது. கிளாஸ் பி, எஃப், எச் இன்சுலேஷனுக்கு 2-க்குக் குறையக்கூடாது.

பி.ஐ.-யின் நன்மை, சூட்டின் குழப்பம் பெரும்பாலும் இதில் கழிந்துபோகும். ஆனால் இரண்டு இடத்தில் இதை நம்பி ஏமாறுவோம். முதல் நிமிடத்திலேயே 5000 மெகாஓம் தாண்டிவிட்டால், அளக்கும் கரண்ட் அவ்வளவு சிறியது, பி.ஐ. 1.3 வந்தாலும் அதை வைத்து மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. மறுபக்கம், பழைய தார் மைக்கா இன்சுலேஷனில் 8-க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூட்டில் வறண்டு நொறுங்கும் நிலைக்கு வந்த வைண்டிங் அப்படிக் காட்டும்.

ஐப்பசி மழையில் நின்றிருந்த மோட்டார், 5 மெகாஓம்தான் காட்டுகிறது. வைண்டிங் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நிறுத்தி வைத்த மோட்டாரின் வைண்டிங் சூடு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டுக்கு) கீழே போனால் ஈரம் உட்கார்ந்துவிடும். மெதுவாகக் காய வையுங்கள், மணிக்கொரு முறை மெகாஓம் எழுதுங்கள். முதலில் இறங்கி, பின் ஏறி, ஒரு மட்டத்தில் நின்றால் ஈரம்தான் காரணம். எவ்வளவு காய வைத்தாலும் ஏறாவிட்டால் அழுக்கோ விரிசலோ இருக்கிறது.

அடுத்த மழைக்கு முன் ஸ்பேஸ் ஹீட்டர், அதாவது நிற்கும் மோட்டாரை வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டர், எரிகிறதா என்று பாருங்கள். ஸ்டாண்ட்பை மோட்டாரில் ஹீட்டர் ஃபியூஸ் போய் மாசக்கணக்கில் யாரும் கவனிக்காமல் விட்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்றால் என்ன? அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

முழுசாக ஷார்ட் ஆகாமல், இன்சுலேஷனுக்குள் இருக்கும் காற்றிடைவெளியில் மட்டும் பறக்கும் குட்டிப் பொறிதான் பார்ஷியல் டிஸ்சார்ஜ். பி.டி. என்பார்கள்.

கணக்கு இப்படி. 11 கிலோவோல்ட் மெஷினில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 6.35 கிலோவோல்ட். மைக்காச் சுவர் சுமார் மூன்று மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு கிலோவோல்ட் சொச்சம். மைக்காவுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே சுவருக்குள் ஒரு தட்டையான காற்றிடைவெளி இருந்தால், எபாக்சி மைக்காவின் மின்கடத்தாக் கெழு காற்றைப் போல நாலு மடங்கு என்பதால், அந்த இடைவெளியில் அழுத்தம் நாலு மடங்காகும். காற்று சாதாரணமாக மில்லிமீட்டருக்கு மூன்று கிலோவோல்ட்டில் உடையும். மிகச் சிறிய இடைவெளி கொஞ்சம் அதிகம் தாங்கும், அவ்வளவுதான். உடைந்தால் பொறி. ஒவ்வொரு ஏ.சி. சுழற்சியிலும் பொறி.

மைக்கா இந்தப் பொறியை வருடக்கணக்கில் தாங்கும். பெரிய மெஷின்களில் நூறு வருடத்துக்கும் மேலாக மைக்காவை விடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். அது தாங்கும் அந்த வருடங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். சூட்டால் பிரிந்த இன்சுலேஷன், ஸ்லாட்டில் ஆடும் காயில், தேய்ந்த பூச்சு, முனைக் காயில்களில் படிந்த அழுக்கு என்று பல நோய்களுக்கு பி.டி. ஒரு பொது அறிகுறி. அதுவும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். 1951-லேயே அமெரிக்காவில் ஓடும் ஜெனரேட்டரில் ஸ்லாட் டிஸ்சார்ஜைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டுவிட்டார்கள். பிறகு கனடாவின் நீர்மின் நிலையங்களில் இந்த முறை நன்றாக வளர்ந்தது.

இன்றைய நடைமுறையில் ஒவ்வொரு ஃபேஸ் முனையிலும் 80 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது தடுத்து நிறுத்தும், பொறியின் நானோவினாடித் துடிப்பை மட்டும் கீழே விடும். பொருத்துவதற்கு ஒரு ஷட்டவுன் வேண்டும். அப்புறம் எந்த நேரமும் அளக்கலாம்.

எங்கள் மோட்டாரில் பி.டி. 200 மில்லிவோல்ட் வந்திருக்கிறது. ஆபத்தா?

இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தக் கருவி, எந்த சென்சார், எந்த அலைவரிசை, மெஷின் எத்தனை வோல்டேஜ் என்பதைப் பொறுத்து எண் மாறும். பொறி பிறந்த இடத்திலிருந்து சென்சார் வரை வருவதற்குள் துடிப்பு தேய்ந்துவிடும். தூரத்துக் காயிலில் பெரிய பொறி சின்னதாகத் தெரியும்.

அதனால் ஒரு மெஷினை அதே மெஷினோடுதான் ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே லோடு, ஒரே வைண்டிங் சூடு, ஒரே வோல்டேஜில் எடுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு மடங்காகிவிட்டால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அடுத்தபடியாக, ஒரே டிசைனில் செய்த பக்கத்து மெஷினோடு ஒப்பிடலாம்.

இன்னொரு தொல்லை வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல். பக்கத்தில் வெல்டிங், கிரேனின் ஸ்லிப் ரிங், பஸ்பாரில் லூஸ் போல்ட் எல்லாமே துடிப்பு அனுப்பும். இவற்றைப் பிரித்துப் பார்க்காத கருவியை வைத்து மோட்டாரைத் திறக்கச் சொன்னால், திறந்து பார்த்து ஒன்றும் இல்லாமல் மூடுவீர்கள். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அந்த நிர்வாகம் இனி எந்த எச்சரிக்கையையும் கேட்காது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பி.டி. வரைபடத்தைப் பார்த்து எங்கே பழுது என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பாசிட்டிவ், நெகட்டிவ் துடிப்புகள் சமமாக இருந்தால் பொத்தல் இன்சுலேஷனின் நடுவில். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் செம்பை ஒட்டி, அதாவது உள்பக்கம் பிரிந்திருக்கிறது. பாசிட்டிவ் பெரிதாக இருந்தால் வெளிப்பரப்பில், ஸ்லாட்டில் அல்லது பூச்சில் கோளாறு.

அடுத்து லோடை மாற்றிப் பாருங்கள். சூடு மாறாமல் லோடு மட்டும் ஏறும்போது பி.டி.யும் ஏறினால் காயில் ஸ்லாட்டில் ஆடுகிறது. இது தெரிந்த உடனே சொல்லிவிட வேண்டிய செய்தி, ஏனென்றால் ஆரம்பத்தில் பிடித்தால் ஆப்பை மறுபடி இறுக்கிக் காப்பாற்றிவிடலாம். செம்பை ஒட்டிப் பிரிந்த இன்சுலேஷனுக்கு அப்படி வைத்தியம் கிடையாது. சூட்டைக் குறைத்து, லோடு ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, ஓட்டத்தை நீட்டலாம், அவ்வளவுதான்.

டேன் டெல்டா டெஸ்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

டேன் டெல்டா இன்சுலேஷனில் வீணாகும் சக்தியின் அளவு. குறைந்த வோல்டேஜில் ஒன்று, கூடிய வோல்டேஜில் ஒன்று எடுத்து, எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல இன்சுலேஷனில் ஏற்றம் மிகக் குறைவு. பொத்தல்கள் இருந்தால் வோல்டேஜ் ஏற ஏற அவற்றில் பொறி தொடங்கும், வீணாகும் சக்தியும் கூடும்.

இது முழு வைண்டிங்கின் சராசரி. நூறு காயிலும் கொஞ்சம் கொஞ்சம் பழுதானால் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு காயில் மோசமாக இருந்தால் மற்ற தொண்ணூற்றொன்பதுக்குள் மறைந்துவிடும். பி.டி. அதற்கு நேர்மாறு, மிக மோசமான இடத்தை அது பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். கூடவே கெப்பாசிட்டன்ஸையும் எழுதிக்கொள்ளுங்கள். வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் எபாக்சி இருந்த இடத்தில் காற்று வந்துகொண்டிருக்கிறது. கூடினால் ஈரம்.

சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்ஜ் டெஸ்டில்தான். மிக வேகமாக ஏறும் ஒரு துடிப்பை வைண்டிங்கில் விட்டு, மூன்று ஃபேஸின் அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று விலகினால் அந்த ஃபேஸில் சுற்று இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிறது. புதுக் காயிலுக்கு ஐ.இ.இ.இ. 522 சொல்லும் அளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் உள்ள உச்ச வோல்டேஜைப் போல 3.5 மடங்கு. 6.6 கிலோவோல்ட் மோட்டாருக்குச் சுமார் 18.9 கிலோவோல்ட். ஓடிய மோட்டாருக்கு அதில் முக்கால் பங்கு.

சுற்று ஷார்ட் ஆனபின் அவகாசம் கிடைப்பது அரிது. ஷார்ட் ஆன சுற்று, இரண்டாம் பக்கம் ஷார்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி நடந்துகொள்ளும். அதில் சுழலும் கரண்ட் பல மடங்கு. செம்பு உருகி மைக்காச் சுவரைத் துளைக்க அதிக நேரம் ஆகாது. நான் மேலே சொன்ன ஃபேன் மோட்டாருக்கு நடந்தது இதுதான். அந்த வருடம் ஷட்டவுனில் சர்ஜ் டெஸ்ட் திட்டத்திலேயே இல்லை.

ஹைபாட் டெஸ்ட் நல்ல வைண்டிங்கையே கெடுத்துவிடாதா?

ஹைபாட் என்பது சாதாரண வோல்டேஜைவிடக் கூடுதலாகக் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பது. பழைய மெஷினில் இந்தப் பயம் நியாயமானது, பாஸ் அல்லது ஃபெயில் என்ற டெஸ்ட் அது. புது மெஷினுக்கு இரண்டு மடங்கு வோல்டேஜோடு ஒரு கிலோவோல்ட், ஒரு நிமிடம். 6.6-க்கு 14.2 கிலோவோல்ட். மெயின்டனன்ஸுக்கு இவ்வளவு வேண்டாம், 1.25-லிருந்து 1.5 மடங்கு போதும். டி.சி.யில் செய்தால் அதை 1.7-ஆல் பெருக்க வேண்டும்.

என் கருத்து: மாற்றுக் காயிலும் ஆளும் கையில் இல்லாமல் ஹைபாட் செய்யாதீர்கள். இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஷட்டவுனில் உடைவது, கோடைக்கால உச்ச லோடில் உடைவதைவிட நல்லது. டி.சி.யைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் கரண்ட்டை எழுதினால், கரண்ட் தாறுமாறாக ஏறத் தொடங்கும்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

நிறையவே. ஒரு நல்ல டார்ச்சும் கண்ணாடியும் போதும்.

ஸ்லாட்டை விட்டுக் காயில் வெளியே வரும் இடத்தில், கறுப்புப் பூச்சும் சாம்பல் பூச்சும் சேரும் கோட்டில் வெள்ளைப் பொடி இருக்கிறதா? அது பொறி தின்ற மிச்சம். இரண்டு ஃபேஸ் காயில்கள் நெருங்கி நிற்கும் இடத்திலும் இதே பொடி வரும். காயில் கட்டுகள் அருகே மஞ்சளோ வெளுப்போ ஆன தூள் இருந்தால் உரசல். எண்ணெயோடு சேர்ந்தால் கறுப்புப் பசை மாதிரி இருக்கும். கோர் பக்கம் சிவப்புத் துரு தெரிந்தால் இரும்புத் தகடுகள் தளர்ந்திருக்கின்றன. சின்னச் சுத்தியலால் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகியது ‘டிக்’ என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், தளர்ந்தது பொள்ளலாக ஒலிக்கும். அனுபவமுள்ள வைண்டர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

காற்றில் குளிரும் மெஷின் அறைக்குள் நுழைந்ததும் மின்னல் அடித்தபின் வருவது போன்ற காரமான நெடி வந்தால், அது ஓசோன். காயில் மேற்பரப்பில் பொறி பறக்கிறது என்று பொருள். வேலையிடத்தில் ஓசோன் பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக்கூடாது என்பார்கள். அங்கே நிற்கும் ஆளின் நுரையீரலையும் யோசியுங்கள், முதலில் காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். இன்சுலேஷனுக்கு உள்ளே நடக்கும் பொறியால் இந்த நெடி வராது.

ஹைட்ரஜனில் குளிரும் பெரிய டர்போ ஜெனரேட்டர்களுக்கும் இதே டெஸ்ட்கள்தானா?

ஸ்டேட்டருக்கு, அதாவது சுழலாமல் நிற்கும் பகுதிக்கு, பெரும்பாலும் இதே. 210 மெகாவாட் யூனிட்டின் ஜெனரேட்டர் 15.75 கிலோவோல்ட், 500 மெகாவாட் என்றால் 21 கிலோவோல்ட். ஹைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும்போது பொறி குறைவு, அதனால் ஒவ்வொரு பி.டி. ரீடிங்கோடும் வாயு அழுத்தத்தையும் எழுத வேண்டும்.

கூடுதலாக, எங்காவது இன்சுலேஷன் வெந்தால் எழும் நுண்துகள்களைக் குளிர்விக்கும் வாயுவிலேயே பிடிக்கும் கருவி உண்டு. சுழலும் ரோட்டாரில் சுற்று ஷார்ட்டைப் பார்க்க, ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காந்தப்புலத்தை உணரும் ஒரு ஃப்ளக்ஸ் சுருள் வைப்பார்கள். ரோட்டார் சுழலும்போது ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு மேடு காட்டும். ஒரு துருவத்தில் ஒரு மேடு குட்டையானால் அந்தக் காயிலில் சுற்று போயிருக்கிறது. 1971-இல் வெளியான முறை, இன்றும் அதேதான்.

டிரைவில் ஓடும் மோட்டார்களில் வேறு கவனம் வேண்டுமா?

வேண்டும். மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ் அனுப்பும் துடிப்பு மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறும். நீளமான கேபிளில் அது மோட்டார் முனையில் மோதித் திரும்பி இரட்டிப்பாகும். 415 வோல்ட் டிரைவின் டி.சி. பஸ் சுமார் 560 வோல்ட். மோட்டார் முனையில் 1100 தாண்டும். காற்றில் 330 வோல்ட்டுக்குக் கீழே பொறி பிறக்காது, இங்கே அதைப் போல மூன்று மடங்கு. இந்தச் சின்ன மோட்டார்களின் எனாமல் கம்பியில் மைக்கா கிடையாது, எனவே வருடக்கணக்கில் தாங்காது. கேபிளைக் குறையுங்கள், முடியாவிட்டால் ஃபில்டர் போடுங்கள்.

எங்கள் ஆலையில் நாலே நாலு 6.6 கிலோவோல்ட் மோட்டார். பட்ஜெட் கம்மி. எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதலில் நாலு நோட்டு. மோட்டாருக்கு ஒன்று. தேதி, வைண்டிங் சூடு, காற்றின் ஈரப்பதம், டெஸ்ட் வோல்டேஜ், ஒரு நிமிட, பத்து நிமிட ரீடிங், யார் எடுத்தது, கேபிளோடா கேபிள் இல்லாமலா. இதற்குச் செலவே இல்லை. ஸ்பேஸ் ஹீட்டர், ஆர்.டி.டி. (வைண்டிங் சூட்டை அளக்கும் சென்சார்), ஏர் ஃபில்டர் மூன்றையும் சரிசெய்யுங்கள்.

அடுத்த ஷட்டவுனில் வெளியாளைக் கூப்பிட்டு டேன் டெல்டாவும் சர்ஜ் டெஸ்டும். நாலில் எது நின்றால் ஆலையே நிற்குமோ அதற்கு மட்டும் பி.டி. சென்சார். 3.3 கிலோவோல்ட் மோட்டாராக இருந்தால் சென்சாருக்கு நான் அவசரப்படுத்த மாட்டேன். அந்த வோல்டேஜில் பி.டி. தெரிவதற்கும் வைண்டிங் போவதற்கும் இடையே அவகாசம் குறைவு. அந்தப் பணத்தை சர்ஜ் டெஸ்டுக்குப் போடலாம்.

பி.டி. இரண்டு மடங்கு ஆகிவிட்டது. உடனே நிறுத்தட்டுமா?

உடனே வேண்டாம். அதே லோடு, சூட்டில் இரண்டு மூன்று நாள் மறுபடி எடுங்கள். லோடு மாற்றிப் பாருங்கள். எந்த ஃபேஸில், எந்தப் பக்கத் துடிப்பு என்று பார்த்து, அடுத்த திட்டமிட்ட ஷட்டவுனுக்குள் எண்டு கவரைத் திறந்து கண்ணால் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை அளந்துகொண்டே இருங்கள். உதிரிக் காயில் கையில் இல்லை என்றால் இன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். காயில் செய்து வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், பி.டி. சொல்லிக்கொடுத்த அவகாசம் அதற்குத்தான்.